சாட்சி சொல்வது எப்படி? மதுரைப் பக்கம் இயேசுவைப் பற்றி வாய்திறந்து பேச ஒரு கையேடு

மதுரையில் கிறிஸ்தவர் வீடு எது என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். டிசம்பர் பிறந்ததும் வாசலில் ஸ்டார் தொங்கும். கிறிஸ்துமஸ் அன்று காலையில் கேக்கும் முறுக்கும் அச்சுமுறுக்கும் தட்டில் வைத்துப் பக்கத்து வீடுகளுக்குப் போகும். அதே பக்கத்து வீட்டு அக்கா என்றாவது ஒருநாள், "உங்க சாமி என்ன சொல்றாரு, நீங்க எதுக்குத்தான் வாரம் தவறாம போறீங்க?" என்று கேட்டால், பாதிப் பேர் சிரித்து மழுப்புகிறோம். மீதிப் பேர் சபைக்குள் மட்டுமே புரியும் தமிழில் பத்து நிமிடம் பேசி அந்த அக்காவைத் திணறடிக்கிறோம். இரண்டுமே அவருக்கு நாம் செய்யும் அநியாயம். கேட்டவருக்கு ஒரு நேரான பதில் கிடைக்க வேண்டும்.

1 பேதுரு 3:15 இதைத்தான் சொல்கிறது: நம்முடைய நம்பிக்கையைப் பற்றி விசாரிக்கிற எவருக்கும் பதில் சொல்ல ஆயத்தமாக இருக்க வேண்டும், அதையும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் சொல்ல வேண்டும். ஆயத்தம், சாந்தம், வணக்கம் ஆகிய மூன்றில் ஒன்று குறைந்தாலும் பேச்சு கெட்டுவிடும்.

முதலில் மூன்று நிமிடச் சாட்சி

ஒரு ஏ4 தாளை எடுத்து, உங்கள் சாட்சியை, அதாவது இயேசுவை அறிந்த உங்கள் சொந்த அனுபவத்தை, ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள். நிதானமாகப் பேசினால் மூன்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 சொற்கள் வரும். முதல் அரை நிமிடம்: இயேசுவை அறிவதற்கு முன் மனதில் எது குறையாக இருந்தது. பயமா, கோபமா, யாரையோ மன்னிக்க முடியாத கசப்பா? அடுத்த ஒன்றரை நிமிடம்: இயேசுவைப் பற்றி எதைக் கேட்டீர்கள், எதை வாசித்தீர்கள், அவர் யார் என்று நம்புகிறீர்கள். இந்தப் பகுதியில் அவருடைய சிலுவைச் சாவும் உயிர்த்தெழுதலும் கட்டாயம் வர வேண்டும். அவை இல்லாவிட்டால் உங்கள் வாழ்க்கை வரலாறுதான் மிஞ்சும், நற்செய்தி இருக்காது. கடைசி ஒரு நிமிடம்: இப்போது என்ன மாறியிருக்கிறது, எது இன்னும் மாறவில்லை.

அந்த "மாறவில்லை" பலருக்குச் சொல்ல மனம் வராது. ஆனால் சொல்ல வேண்டும். கடன் இன்னும் இருக்கிறது, முழங்கால் வலி இன்னும் இருக்கிறது, ஆனால் ராத்திரி தூங்க முடிகிறது என்று ஒருவர் சொன்னால் கேட்பவர் நம்புவார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் நம்பமாட்டார். நம் வீட்டுச் சண்டை அவர் காதிலும் விழுந்திருக்கும்.

எழுதியதைப் போனில் பதிவுசெய்து போட்டுக் கேளுங்கள். பிறவிக் கிறிஸ்தவராக இருந்தால் "எனக்குச் சாட்சியே இல்லையே" என்று தயங்க வேண்டாம். வேறு எவரும் வற்புறுத்தாத ஒரு நாளிலும் நீங்கள் ஏன் ஜெபிக்கிறீர்கள் என்பதைச் சொன்னாலே அது சாட்சிதான். கூட்டத்தில் கைதட்டல் கிடைக்கும் என்று பழைய குடியையும் அடிதடியையும் பெரிதாக்கிச் சொல்வதை மட்டும் செய்யாதீர்கள். அந்தக் கதையில் இயேசு கடைசி இரண்டு வரிக்குத்தான் வருவார்.

சபைத் தமிழும் தெருத் தமிழும்

பதிவைக் கேட்கும்போது ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு, சர்ச்சுக்கு வெளியே யாரும் பேசாத சொற்களைக் குறியுங்கள். கிருபை, இரட்சிப்பு, நீதிமான், பரிசுத்தவான், அபிஷேகம், பாரம், வாஞ்சை. பத்துக்கு மேல் தேறினால் திரும்ப எழுதுங்கள்.

புரியாத சொல்லால் வரும் நட்டம் குறைவு. கேட்பவர் வேறு பொருளில் புரிந்துகொள்ளும் சொல்தான் ஆபத்து. "பாவம்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். "பாவம், அந்தப் பிள்ளை மழையில் நனையுது" என்றால் அதில் இருப்பது இரக்கம். "அடப்பாவி" என்றால் திட்டு. நாம் சபையில் பழகிய பழக்கத்தில் ஒருவரைப் பார்த்து "நீங்க ஒரு பாவி" என்றால், அவர் காதில் அது வீட்டு வாசலில் நின்று வைத வசைதான். "நம்ம எல்லாருக்கும் மனசாட்சி உறுத்துற விஷயம் இருக்குல்ல, எனக்கும் இருக்கு, கடவுளுக்கும் நமக்கும் நடுவுல அதுதான் நிக்குது" என்று தன்னையும் சேர்த்துச் சொன்னால் பொருள் மாறாமல் போய்ச் சேரும்.

இன்னும் பெரிய சிக்கல் யோவான் 3. "மறுபடியும் பிறக்க வேண்டும்" என்று நாம் ஆனந்தமாகச் சொல்கிறோம். மறுபிறவி என்பதையே ஒரு சுமையாக நினைத்து, இனிப் பிறவாத நிலையை வேண்டுகிறவரின் காதில் இது எப்படி விழும்? எதிலிருந்து விடுபட நினைக்கிறாரோ அதிலேயே நாம் தள்ளுவதுபோல் இருக்கும். அந்த இடத்தில் உள்ள கிரேக்கச் சொல்லுக்கு "மேலிருந்து" என்றும் பொருள் உண்டு. "இந்தப் பிறவியிலேயே, இந்த உடம்போடயே, கடவுள் கொடுக்கிற புது உயிர்" என்று விளக்கிவிட்டுத்தான் அந்த வசனத்தைச் சொல்ல வேண்டும்.

"தேவன்" என்றால் இந்தப் பக்கத்தில் ஒரு சாதிப் பட்டம் நினைவுக்கு வரும், அல்லது பல தேவர்களில் ஒருவர் என்று தோன்றும். "ஆண்டவர்" என்றால் பழனி ஆண்டவரும் நினைவுக்கு வருவார். அதனால் முதல் பேச்சில் "கடவுள்" என்றும் "இயேசு" என்றும் சொல்வதே தெளிவு. பெயரை ஒளிக்காதீர்கள். "ஒரு நல்லவர் இருக்கார்" என்று சுற்றி வளைத்துக் கடைசியில் பெயரைச் சொன்னால், ஏதோ மறைத்துக் கொண்டுவந்ததுபோல் ஆகிவிடும்.

சொல்லைத் தேடும் இந்த உழைப்பு மதுரைக்குப் புதிதல்ல. இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி 1606-ல் மதுரைக்கு வந்தபோது, கிறிஸ்தவம் "பரங்கி மார்க்கம்", அதாவது வெள்ளையர் மதம், என்றே பார்க்கப்பட்டது. அவர் தமிழும் சமஸ்கிருதமும் கற்று, மரக்கறி உண்டு, காவி உடுத்தி, தத்துவ போதகர் என்ற பெயரில் தமிழில் எழுதிக் குவித்தார். அவரிடமிருந்து மொழியின் மேல் வைத்த மரியாதையை எடுத்துக்கொள்ளுங்கள். சாதிப் பிரிவை அப்படியே ஏற்றுக்கொண்டு ஊழியம் செய்ததை விட்டுவிடுங்கள். அதன் கசப்பை இன்றுவரை சபைகள் அனுபவிக்கின்றன.

ஒரு கதையை முழுதாகச் சொல்லப் பழகுங்கள்

வாதம் செய்து ஒருவரை மடக்குவதைவிட, இயேசு சொன்ன ஒரு கதையை நன்றாகச் சொல்வது மேல். லூக்கா 15-ல் கெட்ட குமாரன் கதை, 11 முதல் 32 வரை 22 வசனங்கள். நான்கு நிமிடத்தில் சொல்லலாம். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து ஊர்களில் இதற்கு உரை தேவையில்லை. அப்பா உயிரோடு இருக்கும்போதே இளையவன் வந்து பாகம் பிரித்துக் கொடு என்கிறான். அது எவ்வளவு பெரிய அவமானம் என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். இந்த இடத்தில் சற்று நிறுத்துங்கள். அவரே "அப்பன் சாகணும்னு நெனச்சிருக்கான் பய" என்று சொல்வார். சொல்ல விடுங்கள்.

அடுத்து பஞ்சம், பன்றி மேய்த்தல், திரும்பி வருதல். அப்பா தூரத்திலேயே மகனைக் கண்டு ஓடுகிறார். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, தெருவே பார்க்க, தன்னைக் கேவலப்படுத்தியவனை நோக்கி ஓடுகிறார் என்று சொல்லுங்கள். மகன் மனப்பாடம் செய்து வந்த மன்னிப்புப் பேச்சை முடிக்கக்கூட விடவில்லை. உடுப்பு, மோதிரம், செருப்பு, விருந்து. அதோடு முடித்துவிடாதீர்கள். வயலிலிருந்து வந்த மூத்தவன் வாசலுக்கு வெளியே நிற்கிறான், அப்பா அவனையும் வெளியே வந்து கெஞ்சுகிறார். அவன் உள்ளே போனானா இல்லையா என்று இயேசு சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். "இதுல நீங்க யாரு?" என்று விரல் நீட்டாமல், "கடவுள் இப்படித்தான்னு இயேசு சொன்னாரு" என்ற ஒரே வரியோடு நிறுத்திவிட்டு, அவர் பேசட்டும் என்று காத்திருங்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் நாம் பேச ஆரம்பிப்பதுதான் பெரும்பாலும் எல்லாவற்றையும் கெடுக்கிறது.

இரண்டாவது கதையாக யோவான் 4, கிணற்றடியில் சமாரியப் பெண். யூதர் சமாரியரோடு புழங்காத காலத்தில், யூதரான இயேசு அவளிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். யார் பாத்திரத்தில் யார் தண்ணீர் குடிப்பது என்ற பேச்சு இந்த மண்ணில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கதையைச் சொன்னால், "உங்க சர்ச்சுல சாதி இல்லையாக்கும்?" என்ற கேள்வி வரும். வர வேண்டும். "இருக்கு. பெண் எடுக்கிறதுலயும் பதவிக்கு நிக்கிறதுலயும் இருக்கு. சில ஊர்ல கல்லறைகூட தனித்தனியா இருக்கு. அது இயேசுவுக்கு விரோதம்னு எங்களுக்குத் தெரியும்" என்று ஒத்துக்கொள்ளுங்கள். அதை மறைத்தால் அதற்குப்பின் நீங்கள் சொல்லும் எதுவும் எடுபடாது.

நேர்த்திக்கடன் என்ற சொல் இங்கே ஒவ்வொரு வீட்டிலும் புழங்கும். பால்குடம், தீச்சட்டி, கிடாவெட்டு என்று வேண்டிக்கொண்டதை நிறைவேற்றாவிட்டால் மனம் ஆறாது. அந்த மனதை ஒருபோதும் கேலி செய்யாதீர்கள். வாக்கை நிறைவேற்றியே தீர வேண்டும் என்ற உறுதி அதில் இருக்கிறது. கொலோசெயர் 2:14 நம்மேல் இருந்த கடன் பத்திரத்தைக் கிறிஸ்து சிலுவையில் ஆணியடித்துவிட்டார் என்கிறது. "நாங்க நன்றிக்காகக் காணிக்கை கொடுக்கிறோம், கடன் தீர்க்கக் கொடுக்கல. அந்தக் கடனை அவரே தீர்த்துட்டார்னு நம்புறோம்" என்று சொன்னால், கிருபை, அதாவது தகுதி பார்க்காமல் கடவுள் காட்டும் தயவு, என்னவென்று வேறு எந்த விளக்கத்தையும்விட நன்றாகப் புரியும்.

போகும் நேரம், உட்காரும் இடம்

வீடு சந்திப்புக்கு இரண்டு பேராகப் போங்கள். இயேசுவும் இரண்டு இரண்டு பேராகத்தான் அனுப்பினார் (மாற்கு 6:7). வீட்டில் பெண்கள் மட்டும் இருந்தால் பெண்கள்தான் போக வேண்டும். காலை 11 மணி அல்லது மாலை 4 மணி நல்ல நேரம். விளக்கு வைக்கிற நேரத்தில் போகாதீர்கள். செவ்வாய், வெள்ளி பல வீடுகளில் பூஜை நாள், அன்றும் வேண்டாம். செருப்பை வெளியே கழற்றி, கொடுத்த தண்ணீரைக் குடித்து, 20 நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். "இருங்க, காப்பி போடுறேன்" என்று அவர்கள் சொல்லும்போதே கிளம்பும் அளவுக்குப் பழகினால், அடுத்த முறை கதவு தானாகத் திறக்கும்.

திருநீறோ பிரசாதமோ நீட்டினால் முகத்தைச் சுளிக்காதீர்கள், பின்வாங்காதீர்கள். "மதினி, நீங்க பிரியமாத்தான் தர்றீங்கன்னு தெரியும், எங்க நம்பிக்கைப்படி சாமிக்குப் படைச்சத நாங்க எடுத்துக்கிறதில்ல, தப்பா நெனச்சிக்காதீங்க, ஒரு வாய் தண்ணி கொடுங்க" என்று கை கூப்பிச் சொல்லலாம். படைத்தது என்று அவர்களே சொன்னால் மட்டும் விலகுங்கள்; சாதாரணப் பலகாரத்தை எதுவும் கேட்காமல் சாப்பிடுங்கள். 1 கொரிந்தியர் 10:27-28 காட்டும் வழி இதுதான்.

கோயில் சார்ந்த மாசி வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் நின்று கைப்பிரதி கொடுக்க வேண்டாம். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கூட்டத்துக்கு நீர்மோர் கொடுப்பதென்றால் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் டம்ளரோடு பிரதி கொடுக்காதீர்கள். சட்டத்துக்குப் பயந்து சொல்வதல்ல இது. மற்றவர் வீட்டுக் கல்யாணத்தில் போய் நம் வீட்டுப் பத்திரிகையை நீட்டுவோமா?

கைப்பிரதி கொடுத்துத்தான் ஆக வேண்டுமானால், கேட்டவருக்கு மட்டும், கையில். வண்டி சீட்டில் சொருகுவதும் கதவடியில் தள்ளுவதும் குப்பையில்தான் முடியும். பிரதியில் சபையின் பெயர், முகவரி, பேச ஒரு எண் இருக்க வேண்டும். மற்ற தெய்வங்களின் படமோ பெயரோ இருக்கவே கூடாது. பிரதியைவிட மாற்கு நற்செய்தி ஒரு சிறு நூலாகக் கிடைத்தால் அதைக் கொடுங்கள். 16 அதிகாரம், நாளுக்கு ஒன்று என்றால் 16 நாள். ஒரே மூச்சில் வாய்விட்டு வாசித்தாலும் ஒன்றரை மணி நேரம் போதும். கொடுத்து ஒரு வாரம் கழித்து, "எதுவரைக்கும் படிச்சீங்கண்ணே, எங்க புரியல?" என்று கேளுங்கள். புரியாத இடம்தான் அடுத்த பேச்சுக்கு வாசல்.

ஜெபம் செய்யட்டுமா என்று கேட்பது

வேற்று மதத்தவர் வீட்டில் ஜெபத்தை மறுப்பவர்கள் குறைவு, ஆனால் கேட்காமல் ஆரம்பிப்பது அத்துமீறல். "உங்களுக்காக இயேசுகிட்ட ஒரு நிமிஷம் வேண்டிக்கட்டுமா?" என்று கேளுங்கள். யாருக்காக, என்ன தேவை, பெயர் என்ன என்று விசாரியுங்கள். தலையில் கை வைக்க வேண்டாம், சத்தம் போட வேண்டாம். ஒரு நிமிடம்தான். பெயரைச் சொல்லி, தேவையைச் சொல்லி, சாதாரணத் தமிழில் முடித்துவிடுங்கள். முக்கியமானது அதற்குப் பிறகு: பத்து நாள் கழித்துப் போய், "அந்த ஸ்கேன் ரிப்போர்ட் என்னாச்சு?" என்று கேட்பது. ஜெபித்தவர் மறந்துவிட்டால், அந்த ஜெபம் வாயளவில்தான் இருந்தது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

மாத்திரையை நிறுத்து என்று எந்தச் சூழ்நிலையிலும் சொல்லாதீர்கள். சர்க்கரைக்கும் வலிப்புக்கும் மருந்தை நிறுத்தினால் உயிரே போகலாம், அந்தப் பழி இயேசுவின் பெயர்மேல் விழும். அற்புத சுகம் தரும் என்று தாயத்து, எண்ணெய் போன்றவற்றை விளம்பரப்படுத்துவது 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தின் கீழ் குற்றமாகும். ஆஸ்பத்திரி வார்டில், தெரிந்த நோயாளியை மட்டும் பார்வை நேரத்தில் பாருங்கள். கட்டில் கட்டிலாகப் போகாதீர்கள். படுத்திருப்பவரால் எழுந்து போக முடியாது என்பதை நினையுங்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது

அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு மதத்தை நம்பவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் எல்லாருக்கும் உரிமை தருகிறது, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு. பரப்புவது என்றால் எடுத்துச் சொல்வது. இன்னொருவரை மாற்றும் உரிமை அதில் இல்லை என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. விசுவாசிகளுக்கு இதில் வருத்தப்பட எதுவும் இல்லை. மனதை மாற்றுவது மனிதன் வேலை அல்ல என்றுதானே நாமும் நம்புகிறோம். தமிழ்நாட்டில் 2002-ல் கொண்டுவந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் பின்னர் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் பிற மதத்தை வேண்டுமென்றே இழிவுபடுத்துவது குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவின் 299-ஆம் பிரிவின்படி குற்றம்; மத உணர்வைப் புண்படுத்தப் பேசுவது 302-ஆம் பிரிவில் வரும். தெருக்கூட்டத்துக்குக் காவல் நிலைய அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது; ஆஸ்பத்திரி, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டருக்கு அமைதிப் பகுதி என்று விதி இருக்கிறது.

அரிசி, வேலை, ஸ்கூல் சீட், கடன் இவற்றில் எதையும் சாட்சியோடு ஒரே பையில் கொண்டுபோகாதீர்கள். உதவி செய்யும் நாளில் உதவி மட்டும் செய்யுங்கள். 18 வயது நிரம்பாதவர்களிடம் பெற்றோருக்குத் தெரியாமல் ஒரு பிரதிகூடக் கொடுக்கக்கூடாது. விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்தால், அங்கே என்ன சொல்லித் தருகிறோம் என்று எழுதி, பெற்றோரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

வழக்கமாக வரும் பேச்சு

"எல்லாச் சாமியும் ஒண்ணுதானே?" இதற்குச் சண்டை வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். "நீங்க அப்படி நெனைக்கிறது புரியுது அண்ணாச்சி. எனக்கு இயேசுவைத்தான் தெரியும். செத்தவர் மூணாம் நாள் எந்திரிச்சார்னு நம்புறோம். அது நடந்துச்சா இல்லையாங்கிறதுலதான் எங்க நம்பிக்கையே நிக்குது. அத நீங்களே படிச்சுப் பாருங்க." கடைக்காரரிடம் வாடிக்கையாளர் நிற்கும்போது இதைப் பேசாதீர்கள், வியாபாரம் ஓய்ந்த மதியத்தில் பேசுங்கள்.

"வெள்ளைக்காரன் சாமி" என்றால், இயேசு பிறந்த ஊர் ஆசியாவில் இருக்கிறது. போர்த்துக்கீசியர் 1498-ல் கரை இறங்கும்போதே கேரளத்தில் கிறிஸ்தவர்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். "எனக்கு இதுல இஷ்டமில்ல" என்றால் அங்கேயே நிறுத்துங்கள். நட்பை மட்டும் நிறுத்தாதீர்கள். அடுத்த தீபாவளிக்கு அவர் வீட்டுப் பலகாரம் வரும், உங்கள் வீட்டுக் கேக் போகும்.

ஒருவர் சரி என்று சொன்னால்

அவசரப்படாதீர்கள். ஞானஸ்நானத்துக்கு முன் குறைந்தது ஆறு மாதமாவது நற்செய்தியை முழுதாகப் படிக்கட்டும், சபைக்கு வந்து போகட்டும். வீட்டாருக்குத் தெரியாமல் நடக்கக் கூடாது. அப்பா அம்மாவைப் பார்த்து அவரே சொல்லும்போது போதகர் ஐயர் உடன் போகலாம்.

சான்றிதழ் விஷயத்தையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் கிறிஸ்தவரானால் அந்தப் பட்டியலின் உரிமைகள் போய்விடும். தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். பிள்ளையின் கல்லூரி இடம், வேலை எல்லாவற்றையும் இது தொடும். இது அநியாயம் என்று நாம் நினைக்கலாம், அதற்காகப் போராடுவதும் நியாயம். ஆனால் அவர் தெரிந்தே முடிவெடுக்க வேண்டும். சான்றிதழில் ஒன்று, வாழ்வில் ஒன்று என்று வைத்துக்கொள்ளச் சொல்லி நாமே பொய்யைப் பழக்கக் கூடாது.

முதல் ஞாயிறு அவர் தனியாக வர விடாதீர்கள். வாசலில் காத்திருந்து அழைத்துச் செல்லுங்கள். செருப்பை எங்கே விடுவது, ஆண்கள் எந்தப் பக்கம், எப்போது எழுந்து நிற்பது என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பாட்டுப் புத்தகத்தில் எண்ணைத் திறந்து அவர் கையில் கொடுங்கள். நற்கருணை இருந்தால், அது ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு என்பதை ஆராதனைக்கு முந்தின நாளே சொல்லிவிடுங்கள்; எல்லாரும் அதை வாங்க எழுந்து போகும்போது பெஞ்சில் அவர் மட்டும் உட்கார்ந்திருக்க நேர்ந்தால், அன்று நீங்களும் போகாமல் பக்கத்தில் உட்காருங்கள்.